கிளாஸ் மாறிய வருஷம்

அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். 1979 ஜனவரியிலிருந்து, 2011 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை, காலை ஏழரை மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் இருந்த ரெயின் கேஜில், அதாவது மழைமானியில், சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதியவர் அவர்தான். எஸ்டேட்டுக்குக் கொடுக்கவேண்டிய கணக்கு போக, தனக்கென்று ஒரு நகலும் எழுதி வைத்துக்கொண்டார். மொத்தம் பதினொரு நீள நோட்டு. பொள்ளாச்சிக்கு வீடு மாறி வந்தபோது அந்த நோட்டுகளும், எஸ்டேட்டில் கழித்துப் போட்டிருந்த பழைய ரெயின் கேஜும் சாமான் லாரியில் ஏறி வந்தன. அந்த கேஜில் அம்மா கொஞ்ச காலம் கற்றாழை வைத்திருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். வானிலை படித்தவள் இல்லை. இந்த நோட்டுகளைக் கையில் எடுக்க வைத்தது இங்கிலாந்தில் நடந்த ஒரு வேலை. ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ், 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், கையால் எழுதப்பட்ட 65,000 பழைய மழைத் தாள்களைப் பொதுமக்கள் முன்னால் வைத்து, எண்களைத் தட்டச்சு செய்து தரக் கேட்டார். 16,000 பேருக்கு மேல் வந்து, 16 நாளில் ஏறக்குறைய 52 லட்சம் எண்களை ஏற்றிக் கொடுத்தார்கள். அதுவரை 1862-இல் தொடங்கிய பிரிட்டன் மழைத் தொடர் அதனால் 1836 வரை பின்னால் போனது. அங்கே மிக வறண்ட ஆண்டு என்ற இடத்துக்கு 1855 வந்து சேர்ந்தது. யாரோ ஒரு பாதிரியாரும் தோட்டக்காரரும் எழுதி, ஆவணக் காப்பகத்தில் கிடந்த தாள்களிலிருந்து இதெல்லாம் வந்திருக்கிறது என்றால், நம் வீட்டுப் பரணில் இருப்பதும் வெறும் காகிதம் இல்லை என்று தோன்றியது.

போன கோடை விடுமுறையில் தொடங்கினேன். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

முதலில் தட்டச்சு. ஒரு நாளைக்கு ஒரு வரி, 33 வருஷம், பன்னிரண்டாயிரம் வரிக்கு மேல். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு முறை, ஒரு வார இடைவெளி விட்டு, தனித்தனி விரிதாளில் ஏற்றினேன். பிறகு இரண்டையும் கழித்துப் பார்த்து, சுழியம் வராத வரிகளுக்கு மட்டும் மறுபடி நோட்டைத் திறந்தேன். ஒரே தாளில் ஏற்றிவிட்டு அதையே திரும்பப் படித்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். அது உதவாது. ஒருமுறை 7 என்று படித்த 1-ஐ, திரும்பப் பார்க்கும்போதும் கண் 7 என்றுதான் படிக்கும்.

எஸ்டேட்டில் மழையை மில்லிமீட்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்ச், சென்ட். நூறு சென்ட் ஒரு இன்ச். “ராத்திரி மூணு இன்ச்சு இருபது சென்ட்டு அடிச்சிருக்கு” என்றுதான் பேச்சு. அப்பா அதை 3-20 என்று எழுதுவார். 1 சென்ட் 0.254 மில்லிமீட்டர். பெருக்கிவிட்டால் முடிந்தது என்று ஆரம்பித்தேன். 1-5 என்ற ஒரு பதிவில் வண்டி நின்றுவிட்டது. அது ஒரு இன்ச் ஐந்து சென்ட்டா, ஒன்றரை இன்ச்சா? முதலாவது என்றால் 26.7 மில்லிமீட்டர், இரண்டாவது என்றால் 38.1. இப்படி நூற்றுக்கணக்கான பதிவுகள் இருந்தன.

அப்பாவிடம் கேட்டேன். “சென்ட்டு சென்ட்டுதாம்மா. அஞ்சுன்னா அஞ்சு சென்ட்டு” என்றார். ஆனால் அவர் லீவில் போன நாட்களில் வேறு கை எழுதியிருக்கிறது. அந்தக் கை தசமப் புள்ளியைப் போல நினைத்து எழுதியதா என்று எப்படித் தெரியும்? மாத முடிவில் அடியில் போட்டிருந்த கூட்டல்தான் காப்பாற்றியது. இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்த்து, எது அடியில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய எல்லாமே அப்பா சொன்னபடிதான் இருந்தன. மூன்று மாதங்களில் மட்டும் வேறு கை வேறு விதமாக எழுதி, மாத மொத்தத்தையும் அதே விதத்தில் கூட்டியிருந்தது. பழைய பதிவு வைத்திருப்பவர்கள் மாதக் கூட்டலைத் தேவையில்லாத வரி என்று விட்டுவிடாதீர்கள். எழுதியவர் தன் கைக்கே வைத்துவிட்டுப் போன சாட்சி அது.

வெற்றிடங்கள் அடுத்த தலைவலி. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் மழை இல்லை என்று பொருளா, அன்று அளக்கவில்லை என்று பொருளா? கிழமை வாரியாக மழை நாட்களை எண்ணிப் பார்த்தேன். இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அது மழை நாள். மேகத்துக்குக் கிழமை தெரியாது, ஏழு கிழமைக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். எண்பதுகளில் ஞாயிறு மட்டும் பள்ளமாக இருந்தது, திங்கள் மேடாக இருந்தது.

“ஞாயித்துக்கெழம டவுனுக்கு இறங்கிடுவோம்ல. வாட்ச்மேன் பாக்கணும். அவரு எங்க பாத்தாரு. திங்கக்கெழம ரெண்டு நாளும் சேத்து இருக்கும்” என்றார் அப்பா.

மாத மொத்தத்துக்கு இதனால் கெடுதல் இல்லை, இரண்டு நாள் மழை ஒரே வரியில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் கனமழையை எண்ணும்போது இது பெரிய பொய் சொல்லும். எனவே, முந்தின ஞாயிறு வெறுமையாக இருந்த திங்கள் பதிவுகளுக்கெல்லாம் ஒரு குறி போட்டு, கனமழைக் கணக்கிலிருந்து விலக்கி வைத்தேன்.

1986 நவம்பரில் பத்து நாளை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அந்த மாதத்தைப் பக்கத்து எஸ்டேட் பதிவிலிருந்து விகிதம் போட்டு நிரப்பி, நிரப்பியது என்று எழுதி வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எண்கள் ஏறியதும் ஆண்டு மொத்தங்களை வரைபடமாகப் போட்டேன். 1979 முதல் 1993 வரை ஏற்ற இறக்கத்தோடு ஒரு மட்டம். 1994-இல் ஒரே தூக்காகத் தூக்கி ஒன்பது வருஷம் உயரத்திலேயே நிற்கிறது. 2003-க்குப் பிறகு பழையபடி கீழே. கனமழை நாட்களும் அதே கோலம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை என்பது துறையின் வரையறை. அந்த நாட்கள் 1994-க்குப் பிறகு வரிசையாகக் கூடியிருந்தன.

நான் அதை நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரை கனமழை நிகழ்வுகள் கூடி, மிதமான மழை குறைந்ததை பி. என். கோஸ்வாமியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் காட்டினார்கள். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அதே பகுதியில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்கானதாகச் சொன்னது. இயற்பியலும் ஒத்துப்போகிறது: காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவின் நோட்டைப் பார்க்கிறேன், அங்கும் 1994-க்குப் பிறகு கனமழை கூடியிருக்கிறது. நம் எஸ்டேட்டும் சாட்சி சொல்கிறது என்று மனசு குதித்தது. வரைபடத்தை இரண்டு பேருக்கு அனுப்பவும் செய்தேன்.

தூங்கவிடாமல் செய்தது 2003. வெப்பமயமாதல் 1994-இல் வந்துவிட்டு 2003-இல் திரும்பிப் போகாதே.

2003 ஜூலையில் நோட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. இன்ச்-சென்ட் நின்று மில்லிமீட்டர் தொடங்குகிறது. சரி, என் பெருக்கலில்தான் பிழை என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். 25.4 என்ற எண்ணை நாலு முறை சரிபார்த்தேன். பெருக்கலில் தவறு என்றால் 1979 முதலே எல்லாம் உயர்ந்திருக்க வேண்டும். 1994-இல் ஏறியதற்கு அது விளக்கம் இல்லை.

பக்கத்தில் இரண்டு எஸ்டேட்டுகளில் பழைய மழைக் கணக்கு இருந்தது. அப்பாவின் நண்பர்கள் மூலமாக மாத மொத்தங்கள் மட்டும் கிடைத்தன. மலையில் ஒரு வளைவு தாண்டினால் மழை மாறிவிடும், அதனால் அளவை நேராக ஒப்பிட முடியாது. விகிதத்தை ஒப்பிடலாம். இதற்கு நீரியல்காரர்கள் வைத்திருக்கும் வழி எளியது. நம் இடத்து மழையை முதல் வருஷத்திலிருந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். அக்கம்பக்கத்துச் சராசரியையும் அதேபோல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நெடு அச்சிலும் வைத்துப் புள்ளியிட்டால் நேர்கோடு வரவேண்டும். மழை கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே கூடிக் குறையும் என்பதால் கோடு வளையாது. கோடு முறிந்தால், மாறியது மழை இல்லை, அளப்பது. இரட்டைத் திரள் கோடு என்று சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போடலாம்.

என் கோடு இரண்டு இடத்தில் முறிந்தது: 1994 நடுவிலும் 2003 நடுவிலும். இரண்டு முறிவுக்கும் நடுவில் இருந்த சாய்வை மற்ற சாய்வால் வகுத்தால் 1.6-ஐ ஒட்டி வந்தது.

அந்த எண்ணோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கற்றாழைத் தொட்டியாக இருந்த கேஜை எடுத்துவந்து கழுவினேன். அது சைமன்ஸ் கேஜ். ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற ஆங்கிலேயர் பெயரில் வழங்குவது. 1860-இல் தன்னார்வலர்களை வைத்து பிரிட்டன் முழுக்க மழை அளக்கத் தொடங்கி, 1900-இல் இறக்கும்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீட்டாளர்களைச் சேர்த்திருந்த மனிதர். ஹாக்கின்ஸ் ஏற்றச் சொன்ன தாள்கள் அந்த மரபில் வந்தவை. அதே மனிதர் பெயர் கொண்ட கேஜ் எங்கள் வீட்டுத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது.

விளிம்பின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். சராசரி 127 மில்லிமீட்டர், அதாவது ஐந்து இன்ச். பரப்பு 126.7 சதுர சென்டிமீட்டர். இதில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சேரும் தண்ணீர் 12.67 மில்லிலிட்டர். அளக்கும் கண்ணாடிக் குவளையில் கோடு அந்தக் கணக்கில்தான் போட்டிருக்கும். கேஜும் குவளையும் ஜோடி. ஒன்றின் குவளை இன்னொன்றுக்கு ஆகாது.

இப்போது நம் ஊரில் பரவலாக இருக்கும் கண்ணாடியிழை கேஜின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டருக்கு 20 மில்லிலிட்டர்.

200-ஐ 126.7-ஆல் வகுத்தேன். 1.579.

அப்பாவைக் கூப்பிட்டு, “புது கேஜ் எப்ப வந்துச்சுப்பா?” என்றேன்.

“அந்த பைபர் கேஜா? தொண்ணூத்தி நாலு மழைக்கு முன்ன வந்துச்சு. தகர கேஜு ஒழுக ஆரம்பிச்சிருச்சுன்னு மாத்தினாங்க.”

“கிளாஸ்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “கிளாஸு பழசுதாம்மா. அதோட வந்த கிளாஸ்ல மில்லிமீட்டரு போட்டிருந்துச்சு. தொரைக்கு இன்ச்சுலதான் சொல்லணும். அதனால பழைய கிளாஸையே வெச்சுக்கிட்டோம். அது ஒடஞ்சப்புறந்தான் புதுச எடுத்தேன்.”

“ரெண்டாயிரத்தி மூணுல.”

“ஆமா. ஏம்மா, தப்பா எழுதிட்டேனா?”

அவர் குரல் இறங்கியது இன்னும் காதில் இருக்கிறது. கொட்டும் மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்தவர். எங்கள் கிளாஸில் ஐம்பது சென்ட் வரைதான் கோடு. ஜூலை மாதத்தில் ஒரே காலையில் ஆறு முறை, ஏழு முறை நிரப்பி ஊற்ற வேண்டியிருக்கும். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளித் திட்டில் வரிசையாக வைப்பார். நான் சின்னப் பிள்ளையாக அந்தக் கொழுந்தை எண்ணியிருக்கிறேன். அந்த மனிதரிடம், நீங்கள் எழுதியதில் ஒரு எண்கூடத் தப்பில்லை, கிளாஸில் தெரிந்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், கிளாஸும் கேஜும்தான் ஜோடி மாறியிருக்கிறது என்று சொன்னேன். அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. அவர் ஒரே சீராகத் தவறியதால்தான் திருத்த முடிந்தது. ஒரு நாள் இந்தக் கிளாஸ், ஒரு நாள் அந்தக் கிளாஸ் என்று அளந்திருந்தால் அந்த ஒன்பது வருஷமும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

கனமழைக் கணக்கு எப்படி ஏறியது என்பதும் இப்போது புரிந்தது. உண்மையில் 41 மில்லிமீட்டர் பெய்த நாள், பழைய கிளாஸில் 64.7 என்று காட்டும். கனமழைக் கோட்டைத் தாண்டிவிடும். வால்பாறை போன்ற ஊரில் ஒரு மழைக்காலத்தில் 41-க்கும் 64-க்கும் இடையில் எத்தனை நாள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் கனமழை நாளாகப் பட்டியலில் ஏறிவிட்டது. ராக்ஸி குழுவின் ஆய்வு அவர்கள் எடுத்துக்கொண்ட பகுதிக்கு உண்மை. எங்கள் நோட்டில் தெரிந்தது அந்த உண்மையின் சாயலில் வந்த ஒரு கண்ணாடிக் குவளை. எதிர்பார்த்ததற்கு மாறாக வந்திருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பேன். எதிர்பார்த்தபடி வந்ததால் இரண்டு மாதம் சந்தேகமே வரவில்லை. வரைபடம் அனுப்பிய இருவருக்கும் அன்றிரவே போன் செய்து, அதை அழித்துவிடச் சொன்னேன்.

திருத்தம் செய்வதில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். அப்பா எழுதிய எண் ஒரு பத்தியில் அப்படியே இருக்கும். 1.579-ஆல் வகுத்த எண் இரண்டாவது பத்தியில். ஏன் வகுத்தேன் என்பது மூன்றாவதில். முதல் பத்தியில் கை வைக்கவே இல்லை. நாளைக்கு யாராவது என் காரணம் தவறு என்று காட்டினால் திரும்பிப் போக வழி வேண்டும். புது கேஜ் வைத்த சரியான தேதி எங்கும் எழுதப்படவில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளோடு மாத விகிதம் மே மாதத்தில் பழையபடி இருக்கிறது, ஜூனில் மாறிவிட்டது. ஆகவே ஜூன் 1 என்று எடுத்துக்கொண்டு, தேதி ஊகம் என்று குறித்திருக்கிறேன்.

படியாக ஏறும் பிழையைவிட மெல்ல வளரும் பிழைக்குத்தான் பயப்பட வேண்டும். கேஜுக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருக்கிறது என்று வையுங்கள். வருஷா வருஷம் உயர்ந்து, சாய்ந்து வரும் மழையைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கும். கோடு எங்கும் முறியாது, மழை குறைந்துகொண்டே வருவது போல இருக்கும். மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் ஆபீஸ் முற்றத்தில் சில்வர் ஓக் வரிசை இருந்தது நினைவிருக்கிறது. அப்பா, “வருஷாவருஷம் மழைக்கு முன்ன கொப்பு வெட்டிருவோம்” என்றார். வெட்டியிருப்பார்கள். இருந்தாலும் பதிவில் இதையும் எழுதி வைத்தேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் போக்கு பார்க்கும் வேலை, அதாவது வருஷம் போகப்போக மழை கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பது. மான்-கெண்டல் சோதனை என்று ஒன்று, மழை ஆய்வுகளில் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்த இரண்டு வருஷத்தை எடுத்தாலும், பிந்தியதில் மழை அதிகம் என்றால் +1, குறைவு என்றால் -1. எல்லா ஜோடிக்கும் இப்படிப் போட்டுக் கூட்ட வேண்டும். 33 வருஷத்தில் 528 ஜோடி. வெறும் தற்செயலாக இருந்தால் கூட்டல் சுழியத்தைச் சுற்றியே நிற்கும். 33 வருஷத்துக்கு அது 128-ஐ எட்டினால்தான் 5 சதவீத அளவில், அதாவது தற்செயலாக இப்படி வர நூற்றில் ஐந்துக்கு மேல் வாய்ப்பில்லை என்ற அளவில், போக்கு இருக்கிறது என்று சொல்லலாம். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்ற அளவைப் பார்க்காமல் வரிசையை மட்டும் பார்ப்பதால், ஒரு பேய்மழை வருஷம் முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடாது. வருஷத்துக்கு எவ்வளவு என்று தெரிய, அதே 528 ஜோடிக்கும் சாய்வு கண்டு நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும். புள்ளியியலாளர் பிரணாப் குமார் சென் 1968-இல் எழுதிய முறை அது. பைத்தான் என்ற கணினி மொழியில் சில வரிகளில் முடிந்துவிடும். நான் முதலில் விரிதாளில் கையால் போட்டேன், போட்டால்தான் புரிந்தது.

திருத்தாத எண்களை 1979 முதல் 2002 வரை மட்டும் கொடுத்தால், மழை கூடுகிறது என்று சோதனை அடித்துச் சொல்கிறது. 1994 முதல் 2011 வரை கொடுத்தால், குறைகிறது என்கிறது. இரண்டும் கிளாஸ். திருத்திய 33 வருஷத்துக்கு, கூட்டல் 128-இன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆண்டு மழையில் சொல்லும்படி போக்கு எதுவும் இல்லை. தென்மேற்குப் பருவத்தைத் தனியாக எடுத்தாலும் இல்லை.

இங்கே இன்னொரு வழுக்கல் இருந்தது. மாதம் மாதமாகச் சோதித்தபோது ஒரு மாதம் மட்டும் குறைகிறது என்று தேறியது. அதைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம். ஆனால் 5 சதவீத அளவுகோலில் பன்னிரண்டு முறை சோதித்தால், போக்கே இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிட 46 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஏறக்குறைய காசு சுண்டுவது போல. அந்த மாதத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

போக்கு இல்லை என்று வந்ததும் ஒருவர், அப்படியானால் காலநிலை மாற்றம் உங்கள் ஊரில் இல்லையா என்று கேட்டார். ஒரு கேஜ், 33 வருஷம், மலைச்சரிவு. அந்த மலையில் ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் மழை ஏறி இறங்குவதே அவ்வளவு இருக்கும்போது, அதற்குள் ஒரு சின்னச் சாய்வு இருந்தாலும் என் நோட்டால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. இந்தியாவின் கோடைப் பருவமழை 1951-க்கும் 2015-க்கும் இடையில் 6 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. அவர்களுக்கே அதற்கு அறுபது வருஷத்துக்கு மேலும், நாடு முழுக்க கேஜுகளும் தேவைப்பட்டன. அந்த ஆயிரக்கணக்கில் ஒன்றாக நிற்கும் தகுதி அப்பாவின் நோட்டுக்கு இப்போது உண்டு. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

வெப்பநிலையும் இருந்தது. நோட்டின் ஓரத்தில் பதினான்கு வருஷம் உச்சமும் தாழ்வும் எழுதியிருக்கிறார். அதை நான் தொடவில்லை. வெப்பமானி ஆபீஸ் வராந்தா சுவரில் மாட்டியிருந்தது. காற்று போய்வர இடைவெளி வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், தரைக்கு மேலே ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டிய கருவி அது. சுவர் வெயிலில் சூடாகும், ஒருமுறை கூரையையும் மாற்றினார்கள். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறியதே 0.7 டிகிரி செல்சியஸ் அளவுதான் என்கிறது அதே அறிக்கை. கூரைத் தகடு அதைவிட அதிகமாக ஏமாற்றிவிடும். மழையில் 1.579 என்று ஒரு சாவி கிடைத்தது, இதற்கு அப்படி எதுவும் இல்லை.

கடைசியாகப் பழைய கேஜை ஓட்டத்துக்குக் கொண்டுவந்த கதை. புனலின் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அதை ஊறவைத்து ஈர்க்குச்சியால் எடுத்தேன். விளிம்பு ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது, அதுதான் முதலில் கவலையாக இருந்தது. ஒரு திசையில் 129, குறுக்கே 125. கணக்குப் போட்டால் பரப்பு பத்தாயிரத்தில் மூன்று பங்குகூடக் குறையவில்லை. தட்டி நிமிர்த்தப்போய்த் தகட்டைக் கிழிப்பதைவிட அப்படியே விடலாம். ஒழுக்குதான் உண்மையான கோளாறு. அரை லிட்டர் தண்ணீரை எடைபோட்டு ஊற்றி, மூடி, ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடைபோட்டேன். அடித் தையலில் கசிவு. பாத்திரக் கடை வீதியில் ஈயம் பூசும் பெரியவர் ஒருவர் பற்றுவைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் எடை அப்படியே இருந்தது.

ஜோடிக் குவளை இல்லை, உடைந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சமையலறைத் தராசு போதும். தண்ணீர் 1 மில்லிலிட்டர் 1 கிராம். சேர்ந்த தண்ணீரை எடைபோட்டு 12.67-ஆல் வகுத்தால் மில்லிமீட்டர், 3.22-ஆல் வகுத்தால் சென்ட். ஒரு கிராம் பிசகினாலும் 0.08 மில்லிமீட்டர்தான். பழைய கேஜ் கிடைத்துக் குவளை கிடைக்காதவர்கள் இப்படிச் செய்யலாம், வாயின் விட்டத்தை மட்டும் கவனமாக அளந்துகொள்ளுங்கள்.

கொல்லைப்புறத்தில், தென்னைக்கு எட்டாத இடமாகப் பார்த்து, விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி புதைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நேரம் இனி ஏழரை இல்லை, துறையின் கணக்குப்படி எட்டரை. அப்பாவுக்கு அந்த ஒரு மணி நேரத் தாமதம் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

முதல் மழை ஒரு வியாழக்கிழமை ராத்திரி பெய்தது. காலையில் எடைபோட்டேன். 23 கிராம்.

“கிராம்ல சொல்லாத. சென்ட்டுல சொல்லு.”

“ஏழு சென்ட்டுப்பா.”

புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து தேதி போட்டார். எதிரில் 0-07 என்று எழுதினார்.